பல்லி நிற்காத சீலிங்

நாசியாவுக்குப் பல்லி என்றால் பயம். சமையலறைச் சுவரில் ஒன்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது, புரோட்டா பார்சல்தான். இதில் சங்கடம் என்னவென்றால், அவள் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பதினோராம் வகுப்பில் வாண்டர் வால்ஸ் விசை என்ற பாடத்துக்குப் பல்லியை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒருமுறை "பல்லியின் விரலில் லட்சக்கணக்கில் நுண்ணிய முடிகள்" என்று அவள் ஆரம்பித்த நேரத்தில் கரும்பலகைக்குப் பின்னாலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. மீதிப் பாடத்தை முதல் பெஞ்சின் மேல் ஏறி நின்றபடியே நடத்தி முடித்தாள். அந்த வருடம் அந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

அவள் கணவன் ஜகபர் சாதிக் ஒன்பது வருடம் ஷார்ஜாவில் இருந்தவன். அங்கே ஒரு தொழிற்சாலையில் நான்-ஸ்டிக் தவாவுக்குப் பூச்சு அடிக்கிற வேலை. ஊருக்குத் திரும்பி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. கடை சுமாராக ஓடியது. ஆனால் மற்றவன் கம்பெனி டப்பாவை விற்றுக்கொண்டே காலம் தள்ளுவதில் அவனுக்கு மனம் ஒப்பவில்லை. சொந்தமாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிடும்போது, சுவரில் டியூப் லைட்டுக்குப் பின்னால் வால் ஒன்று தெரிந்தது. நாசியா தட்டோடு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அதுக்கு மட்டும் எப்பிடித்தான் ஒட்டுதோ," என்றான் ஜகபர் சாதிக்.

"பசையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது," என்றாள் நாசியா. பயத்திலும் பாடம் வந்துவிடும் அவளுக்கு. "அணுவச் சுத்தி எலக்ட்ரான் இருக்கு இல்ல, அது ஒரு நொடி இந்தப் பக்கம் அதிகமா இருக்கும், அடுத்த நொடி அந்தப் பக்கம். அப்ப பக்கத்துல இருக்கற அணு லேசா இழுபடும். ரொம்ப லேசான இழுப்பு. ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணுத்துக்கும் ஆவாது. பல்லிக்கு முடி அத்தினி இருக்கறதால எல்லாம் சேந்து அதத் தூக்கிப் பிடிச்சிக்குது. சுவுத்துல நிக்கும், கண்ணாடியில நிக்கும். டெஃப்லான்ல மட்டும் நிக்காது."

ஜகபர் சாதிக் இட்லியைப் பிய்ப்பதை நிறுத்தினான். "இன்னா சொன்ன?"

"டெஃப்லான்ல ஃப்ளோரின் இருக்கு. அது எலக்ட்ரான இறுக்கிப் பிடிச்சினு இருக்கும், அசைய விடாது. இழுப்பு ரொம்பக் கம்மியாப் போவும். பல்லி வழுக்கிடும்."

"ஒன்பது வருஷம்," என்றான் அவன். "ஒன்பது வருஷம் அதத்தான் அடிச்சேன் நாசியா. எவனும் எங்கிட்ட இத சொல்லல."

அடுத்த மாதமே புதுச்சேரியிலிருந்து ஒரு சின்ன டிரம் நிறைய டெஃப்லான் தூள் கலந்த திரவம் வந்து இறங்கியது. அதோடு இன்னும் இரண்டு சங்கதிகளைக் கலந்து கடையின் பின்கட்டில் ஒரு பலகையில் அடித்தான். தவாவில் அடித்தால் சூளையில் வைத்துச் சுடுவார்களே, சுவரை எப்படிச் சுடுவது என்று நாசியா கேட்டதற்கு, "சுட வேணாம், ஒட்டறதுக்குத் தனியா ஒண்ணு போட்டிருக்கேன்," என்றான். பலகை காய்ந்ததும் கடையிலிருந்த பல்லி ஒன்றைத் துடைப்பத்தால் அதன் மேல் ஓட்டிவிட்டான். அது இரண்டடி நடந்தது, பின்னங்கால் நழுவியது, முன்னங்கால் நழுவியது, தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு ஓடிப்போனது. அன்று சாயங்காலமே கடை வாசலில் பலகை மாட்டிவிட்டான்: நோ பல்லி.

அதற்கு முதல் வாடிக்கையாளராக வந்தவர் கண்ணையன். விழுப்புரத்துக்கு வெளியே நிலமும் நெல்லும் உள்ள மனிதர். அவர் மகள் சங்கவி ஒலக்கூரில் மாமன் வீட்டில் தங்கி நாசியாவிடம்தான் படித்தாள். அந்தப் பழக்கத்தில் புது வீட்டுக்குப் பெயிண்ட் எல்லாம் ஜகபர் சாதிக்கிடமே வாங்கியிருந்தார். கடைக்கு வந்தவர் பலகையை இரண்டு முறை படித்தார்.

"பாய், இது நெஜமா?"

"பாக்கறீங்களா?" என்று துடைப்பத்தை எடுத்தான் ஜகபர் சாதிக்.

கண்ணையனுக்கு இருந்த பிரச்சினை இதுதான். சங்கவிக்குத் திருவெண்ணெய்நல்லூரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் பெயர் தென்னரசு. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், தினமும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். பையனின் அப்பா மணிமாறன் கரும்பு விவசாயி, தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் முடிவெடுப்பது மணிமாறனின் அக்கா அம்சவள்ளி. அந்த அம்மாள் சகுனம் பார்ப்பவர்.

"இதுக்கு முன்ன ரெண்டு எடம் பாத்தாங்களாம் பாய். ஒரு எடத்துல பூனை போச்சாம், எழுந்துட்டாங்க. இன்னொரு எடத்துல ஏதோ பேசிகினு இருக்கும்போது பல்லி சொல்லிச்சாம். பஜ்ஜிய கையில வச்சிகினே எழுந்துட்டாங்களாம். எங்க பழைய ஓட்டு வீடு புது வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. அதுல அம்பது பல்லிக்குக் கொறையாது. நிச்சயம் புது வீட்டு ஹால்லதான். ஒண்ணு கூட கண்ணுல படக் கூடாது."

"படாது," என்றான் ஜகபர் சாதிக்.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆளோடு போய் வேலையை முடித்துவிட்டு வந்தான். ஹால் மேல்தளம் முழுவதும் இரண்டு கோட். பளபளவென்று இருந்ததாகக் கண்ணையனின் மனைவி அஞ்சம்மாள் போன் செய்து சொன்னார். டீச்சரையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார்.

நிச்சயத்தன்று சாயங்காலம் இருவரும் காரில் புறப்பட்டார்கள். முந்தைய நாள் நல்ல மழை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போதுதான் நாசியா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"சுவுத்துக்கும் சேத்துத்தானே அடிச்சீங்க?"

"சுவுத்துக்கு எதுக்கு? பல்லி மேலதானே இருக்கும். டிரம்மும் சீலிங்குக்குத்தான் சரியா இருந்துச்சி."

நாசியா அவன் பக்கம் திரும்பினாள். "அது சுவுத்து வழியா ஏறித்தானே மேல போவும்?"

"ஆமா."

"மேல போனா?"

"நிக்காது."

"நிக்காம?"

ஜகபர் சாதிக் பதில் சொல்ல வாயைத் திறந்தான். முன்னால் லாரி நகர்ந்தது, பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவன் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். ஹாலில் ஜமக்காளம் விரித்து நடுவில் பதினோரு தட்டுகளில் வெற்றிலை, பழம், பூ, லட்டு. சீலிங்கின் நடுவே புது சரவிளக்கு எரிந்தது. முதல் நாள் மழைக்குக் கிளம்பிய ஈசல் கூட்டம் கூட்டமாக வந்து அந்த விளக்கைச் சுற்றியது. நாசியா அண்ணாந்து பார்த்தாள். ஈசல் வந்தால் அதைத் தின்ன யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பின்பக்க வென்டிலேட்டர் வழியாக முதல் பல்லி உள்ளே வந்தது. சுவரில் சாவகாசமாக ஏறி, மேலே ஈசலைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தது. ஓடிய வேகத்தில் சீலிங்கில் மூன்று அடி வரை கூடப் போய்விட்டது. பிறகு ஓடிய கால்களுக்குக் கீழே ஒன்றும் அகப்படவில்லை. வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்த கண்ணையனின் வழுக்கைத் தலையில் பொத்தென்று விழுந்தது.

அம்சவள்ளி கைப்பையைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்திருந்த, பல்லி விழும் பலன் அச்சிட்ட நாட்காட்டித் தாளை விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தலை," என்று படித்தார். "கலகம்."

"புது வீடு இல்லீங்களா, பழக்கம் இல்லாம வழி தெரியாம விழுந்துடிச்சி," என்றார் கண்ணையன்.

இரண்டாவது பல்லி மணிமாறனின் வலது தோளில் விழுந்தது. தாளில் அதற்கு வெற்றி என்று போட்டிருந்தது. கண்ணையன் பெருமூச்சு விட்டார். மணிமாறன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது லட்டுத் தட்டில் விழுந்தது. அதற்குப் பலன் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான்காவது ஒரு சித்தப்பாவின் வயிற்றில் விழ, வலமா இடமா என்று ஐந்து நிமிடம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் தானிய லாபம் என்று முடிவானது. அதைக் கேட்டதும் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் நைசாக எழுந்து வந்து, வலது தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு விளக்குக்குக் கீழே நின்றார்கள்.

ஐந்தாவது அம்சவள்ளியின் கழுத்தில் விழுந்தது. வலது பக்கம்.

அவர் கத்தவில்லை. அதைத் தட்டிவிட்டு, நிதானமாகத் தாளைப் பார்த்தார். "பகை," என்று படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார். "மணிமாறா, கெளம்பு."

"அக்கா, எனக்கு வெற்றின்னுதானே..."

"கெளம்புன்னு சொன்னேன்."

கண்ணையன் ஜகபர் சாதிக்கைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பல்லி தன் தலையில் விழுந்திருந்தால் தேவலை என்று ஜகபர் சாதிக்குக்குத் தோன்றியது. அவன் ஓடிப்போய் மூலையில் கிடந்த குடையை எடுத்து விரித்து அம்சவள்ளியின் தலைக்கு மேல் பிடித்தான். வீட்டுக்குள் குடை பிடிப்பது என்ன சகுனமோ, அந்த அம்மாளின் முகம் இன்னும் இறுகியது.

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. பட்டுப்புடவையும் நகையுமாக நின்ற சங்கவி நாசியாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கண்ணெல்லாம் நீர்.

"டீச்சர், எதனா பண்ணுங்க டீச்சர். வென்டிலேட்டர்ல தண்ணி ஊத்திடலாமா? ஈரமா இருந்தா பல்லி வழுக்கிக் கீழயே நின்னுடும்னு நீங்க கிளாஸ்ல சொன்னீங்க."

"அது கண்ணாடிக்குச் சொன்னேன்மா. கண்ணாடி நனைஞ்சா வழுக்கும். டெஃப்லான்..." என்று ஆரம்பித்த நாசியா நிறுத்தினாள். எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. அப்படியே தலைகீழான விஷயம். காய்ந்த டெஃப்லானில் நிற்காத பல்லி நனைந்த டெஃப்லானில் நிற்கும். ஏன் என்று ஆராய்ந்தவர்களுக்கே முழுதாகப் புரியவில்லை என்றும் போட்டிருந்தது. "சங்கவி, உங்க வீட்டுல மருந்தடிக்கிற மிஷின் இருக்கா?"

"மல்லாட்டைச் செடிக்கு மருந்தடிக்க அப்பா புதுசு வாங்கினாரு. இன்னும் கொல்லைக்கே போவல, பெட்டியில இருக்கு."

முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்பிரேயர். நாசியா அதில் குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சம்மாள் ஓடிவந்து, வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த பன்னீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே கவிழ்த்தார். "வெறும் தண்ணி அடிச்சா இன்னாடி இதுன்னு கேப்பாங்க டீச்சரம்மா. இதுன்னா ஒரு மரியாத."

மிஷினை ஜகபர் சாதிக்கின் முதுகில் மாட்டினார்கள். குழாயைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள் நாசியா.

"நீயா?" என்றான் அவன். "மேல பல்லி இருக்கு நாசியா."

"உங்க கையில குடுத்தா மழ பேஞ்ச மாதிரி அடிப்பீங்க. பனி மாதிரி இருக்கணும். ஜல்தி வாங்க."

ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறினாள். வேனுக்குப் போகக் கிளம்பிய அம்சவள்ளி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். நாசியா குழாய் முனையைத் திருகி மெல்லிசாக வைத்து, விளக்கில் படாமல் சீலிங்கை ஓரத்திலிருந்து நனைத்துக்கொண்டே வந்தாள். ஜகபர் சாதிக் நாற்காலியைச் சுற்றி மெதுவாக நடந்தான். பன்னீர் வாசனை ஹால் முழுக்கப் பரவியது. எல்லோர் தலையிலும் குளிர்ச்சியாகத் தூவானம் இறங்கியது.

"இன்னாங்க இது?" என்று கேட்டார் அம்சவள்ளி.

கண்ணையனுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "பன்னீர் தெளிக்கறதுங்க. எங்கள்ல நிச்சயத்துக்கு மேலருந்துதான் தெளிப்போம்."

"மருந்தடிக்கிற மிஷின்லயா?"

"ஜனம் அதிகம் இல்லீங்களா. செம்புல தெளிச்சா எப்ப முடியறது?"

அந்த நேரத்தில், சீலிங்கின் காய்ந்த பகுதியில் கடைசியாகத் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு பல்லி விழுந்தது. நேராக நாசியாவின் இடது முன்கையில். விழுந்ததும் இறங்கி ஓடவில்லை; பயத்தில் அவள் தோலையே பிடித்துக்கொண்டது. பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விசை இப்போது அவள் கையில் இருந்தது. அது பசை மாதிரியும் இல்லை, பிசுபிசுப்பாகவும் இல்லை. ஈரமில்லாத, சின்ன, ஜில்லென்ற ஒரு பிடிப்பு. அவ்வளவுதான். வீட்டில் என்றால் இந்நேரம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் இப்போது கத்தினால் நிச்சயதார்த்தமே நின்றுவிடும். அவள் கையை ஆட்டாமல், குழாயையும் விடாமல், கண்ணை மட்டும் ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தாள்.

"எந்தக் கை?" என்றார் அம்சவள்ளி, பையில் கைவிட்டபடி.

"எங்க கேலண்டர்ல அந்தப் பக்கம் கெடையாதுங்க," என்றாள் நாசியா.

மணிமாறன் முதலில் சிரித்தார். பிறகு தோளை உயர்த்திக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். அம்சவள்ளி சிரிக்கவில்லை, ஆனால் பையை மூடினார். தென்னரசு ஓடிவந்து, பல்லியைக் கைக்குட்டையால் மெதுவாக எடுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டான்.

அதற்குள் மேலே இன்னும் நான்கு பல்லிகள் வந்து சேர்ந்திருந்தன. நனைந்த சீலிங்கில் கால் வைத்தன. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. நான்கும் ஈசலைத் தின்றுகொண்டு தலைகீழாக நிம்மதியாக நின்றன.

"நின்னுடிச்சே," என்றார் அம்சவள்ளி, தன்னையறியாமல். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிஷினை ஓட்ட வேண்டியிருந்தது. காய்ந்துவிடும் என்பதால் மின்விசிறி போடக் கூடாது என்று நாசியா சொல்லிவிட்டாள். நாசியாவுக்குக் கை வலித்தபோது தென்னரசு குழாயை வாங்கிக்கொண்டான். அவன் அடித்ததில் பாதிக்கு மேல் சீலிங்குக்குப் போகவில்லை; சங்கவி உட்கார்ந்திருந்த பக்கம் போனது. அவள் தலையில் வைத்த பூ சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது இப்படி மணக்க மணக்க ஒரு நிச்சயத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று மணிமாறன் சொன்னார்.

மறுவாரம் ஜகபர் சாதிக் ஆளோடு சீலிங்கைச் சரிசெய்யப் போனான். சாதாரண வெள்ளை பெயிண்ட்டை மேலே ஒரு கோட் அடித்துவிட்டால் போதும் என்பது அவன் கணக்கு. அடித்த பெயிண்ட் முத்து முத்தாகத் திரண்டு அவன் தலையிலேயே சொட்டியது. எப்படியோ தேய்த்துக் காயவைத்த இடம், காலையில் வந்து பார்த்தபோது ஓரத்தில் கிளம்பியிருந்தது. பிடித்து இழுத்ததும் தோசை மாதிரி முழுசாக உரிந்து கையோடு வந்தது.

"பல்லியையே பிடிச்சி வச்சிக்காதது பெயிண்ட்ட எப்பிடிங்க பிடிச்சி வச்சிக்கும்?" என்றாள் நாசியா போனில். "ரெண்டுக்கும் அதே இழுப்புதான்."

இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் ஹால் முழுக்க ஒரு அடி இறக்கி ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொடுத்தான். கடை வாசலில் இருந்த பலகையையும் கழற்றிவிட்டான்.

கல்யாணத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஜகபர் சாதிக்கையும் நாசியாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹால் அழகாக இருந்தது. ஒரு பல்லி கண்ணில் படவில்லை. எல்லாம் புது சீலிங்குக்கு மேலே குடியேறிவிட்டிருந்தன. மணிமாறன் தை மாதத்தில் முதல் தேதியைப் படித்தார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது தேதியைப் படித்தார். மேலிருந்து, யாருக்கும் தெரியாத ஓர் இடத்திலிருந்து, பல்லி 'ச்சு ச்சு' என்று சொன்னது.

முன்பு பெண் பார்த்த இடத்தில் பல்லி சொன்னதற்கு எழுந்துபோன அம்சவள்ளி இந்த முறை இருந்த இடத்திலேயே இருந்தார். "நல்ல தெசையில இருந்து சொல்லுது," என்றார். "அதே தேதி இருக்கட்டும்."

அஞ்சம்மாள் சர்க்கரை எடுத்துவர உள்ளே ஓடினார். அம்சவள்ளி ஜகபர் சாதிக்கின் பக்கம் திரும்பினார். சீலிங் கதை தென்னரசு வழியாக அவர் காதுக்கும் போயிருந்தது.

"பாய், இனிமே அந்த மருந்த எங்கனா அடிப்பீங்களா?"

"சத்தியமா அடிக்க மாட்டேங்க," என்றான் ஜகபர் சாதிக்.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது உண்மைதான் என்று பல்லி சொல்கிறதா என மேலே பார்த்துக் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. நாசியாதான் முதலில் சிரித்தாள்.